நுங்கம்பாக்கத்து வானில் ஒரு நீலத்துண்டு

1872 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. மதராஸ் நுங்கம்பாக்கத்தில் இருந்த அப்சர்வேட்டரிக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் ஜெர்மனியில் கோட்டிங்கன் வான் ஆய்வகத்தின் தலைவர் க்ளின்கர்ஃபூஸ். வாங்கியவர் மதராஸ் அரசாங்க வானியலாளர் நார்மன் ராபர்ட் போக்சன். ரஷ்யா வழியாகச் சுற்றி வந்த அந்தத் தந்தி மதராஸை எட்ட 1 மணி 35 நிமிடம் ஆனது. விஷயம் ஒரே வரிதான். பியலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி பக்கத்தில் தேடுங்கள்.

ஒரு வால்வெள்ளி பூமியை உரசிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, ஓடிப்போய்ப் பிடி என்கிறார் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன். எந்த வானியலாளருக்கும் வாழ்நாளில் ஒருமுறைகூட வராத அழைப்பு. ஆனால் வந்து சேர்ந்த நேரத்தைப் பாருங்கள். நவம்பர் கடைசி, மதராஸ். வடகிழக்குப் பருவமழையின் நட்டநடு. சென்னையில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும் என்பது இங்கே குடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கோட்டிங்கன்காரருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

போக்சனின் கதையைச் சொல்ல, முதலில் பியலாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். வால்வெள்ளிகளிலேயே ரொம்ப சோகமான சரித்திரம் அதனுடையது.

1826 பிப்ரவரியில் வில்ஹெல்ம் ஃபான் பியலா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி பொஹிமியாவில் இருந்து அதைப் பார்த்தார். கணக்குப் போட்டபோது, 1772லும் 1805லும் வேறு ஆட்கள் பார்த்த அதே பொருள்தான் இது, ஏழு வருஷத்துக்குள் ஒருமுறை சூரியனைச் சுற்றிவிட்டு வருகிறது என்று தெரிந்தது. அதுவரை இப்படித் திரும்பி வருவது உறுதியான வால்வெள்ளிகள் இரண்டே இரண்டு, ஹாலியும் என்கேவும். பியலா மூன்றாவது. அடுத்த முறை 1832ல் வந்தபோது ஐரோப்பா கொஞ்சம் ஆடிப்போனது. வால்வெள்ளியின் தலை பூமியின் பாதையையே குறுக்காகக் கடக்கும் என்று ஓல்பர்ஸ் கணக்கிட்டிருந்தார். பாதையைத்தான் கடக்கும், அந்த நேரத்தில் பூமி அந்த இடத்தில் இருக்காது, அங்கே வந்து சேர இன்னும் ஒரு மாசம் ஆகும் என்பதும் அதே கணக்கில் இருந்தது. ஆனால் பாதி வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டுப் பதறுவது இன்றைக்கு வந்த பழக்கமா என்ன? பாரிஸில் அராகோ மக்களைச் சமாதானப்படுத்தவென்றே தனியாக எழுத வேண்டியிருந்தது.

1846 ஜனவரியில்தான் விசித்திரம் நடந்தது. ஒன்றாக வந்த வால்வெள்ளி இரண்டாகத் தெரிந்தது. கேம்பிரிட்ஜில் இதைப் பார்த்த ஜேம்ஸ் சாலிஸ் முதலில் தன் கண்ணையே நம்பவில்லை. (அதே வருஷம் ஆகஸ்டில் நெப்டியூனைத் தொலைநோக்கியில் பார்த்தும் அது கோள் என்று அடையாளம் தெரியாமல் கைநழுவ விட்டவரும் இவர்தான். பாவம், அவருக்கு அது ஒரு மோசமான வருஷம்.) இரண்டு துண்டுகளும் ஜோடியாகவே வானத்தில் நகர்ந்தன. சில நாள் ஒன்று பிரகாசமாகும், சில நாள் மற்றது. 1852ல் திரும்ப வந்தபோது இரண்டுக்கும் நடுவே இருபது லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தது. அதுதான் கடைசி. 1859ல் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் பார்க்க வழியில்லை. 1866ல் நன்றாகத் தெரிய வேண்டியது, எல்லாரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1872லும் அதே கதை. வான் ஆய்வகங்கள் இலையுதிர்காலம் முழுக்கத் தேடிச் சலித்துப் போயின.

ஆனால் நவம்பர் 27 இரவு ஐரோப்பாவின் வானத்தில் மழை பெய்தது. தண்ணீர் இல்லை, எரிகற்கள். ஆண்ட்ரோமிடா மண்டலத்தில் இருந்து கொட்டுவது போல ஆயிரக்கணக்கில். இத்தாலியின் மோன்காலியேரியில் நாலு பேர் உட்கார்ந்து ஆறரை மணி நேரத்தில் 33,400 எண்ணியிருக்கிறார்கள். பியலாவின் பாதையைப் பூமி கடக்கும்போது எரிகல் மழை வரக்கூடும் என்று 1867லேயே வைஸ், தாரெஸ்ட் போன்றவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். ஆக, காணாமல்போன வால்வெள்ளியின் சிதறல்தான் இப்படி எரிந்து விழுந்தது.

க்ளின்கர்ஃபூஸின் மூளை இந்த இடத்தில்தான் வேலை செய்தது. கற்கள் ஆண்ட்ரோமிடா திசையில் இருந்து வந்தன என்றால், அந்தக் கூட்டம் பூமியைத் தாண்டி நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். நேர் எதிரே என்ன இருக்கிறது? சென்டாரஸ் மண்டலம், தெற்கு வானம். தூசு மட்டுமில்லாமல் வால்வெள்ளியின் உடலும் அந்தக் கூட்டத்தோடு இருந்தால், இப்போது அது தீட்டா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் பக்கத்தில் தெரிய வேண்டும்.

அழகான யோசனை. சிக்கல் என்னவென்றால் தீட்டா சென்டாரி கோட்டிங்கனில் அடிவானத்துக்கு மேல் முழுசாக மூணு பாகைகூட ஏறாது. தெற்கே ஒரு கண் வேண்டும். தெற்கே பெரிய ஆய்வகம் என்றால் நன்னம்பிக்கை முனை, ஆனால் அங்கே அப்போது கடலடித் தந்திக் கம்பியே போகவில்லை. ஆஸ்திரேலியாவுக்குத் தந்தி ஒழுங்காக ஓட ஆரம்பித்ததே அந்த அக்டோபரில்தான். மதராஸுக்கோ லண்டனில் இருந்து பெர்லின், ஒடெஸ்ஸா, டெஹ்ரான் வழியாக 1870லேயே பாதை திறந்துவிட்டது. பதின்மூன்று பாகை வடக்கில் இருக்கும் ஊர், தெற்கு வானத்தின் பெரும்பகுதி தெரியும். நல்ல ஆளும் இருக்கிறார். எல்லாம் சரி, மேகத்தைத் தவிர.

போக்சன் நாட்டிங்ஹாமில் 1829ல் பிறந்தவர். மதராஸுக்கு வந்தது 1861ல், செத்ததும் இங்கேயேதான், 1891ல். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கிற முறைக்குக் கணித அடித்தளம் போட்டவர் இவர். ஒன்றாம் நிலை நட்சத்திரம் ஆறாம் நிலை நட்சத்திரத்தைவிட நூறு மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நிலைக்கும் நடுவே 2.512 மடங்கு வரும். 1856ல் இவர் முன்வைத்த எண் அது. இன்றைக்கு நம்ம போனில் இருக்கிற எந்த வான்வரைபட ஆப்பைத் திறந்து ஒரு நட்சத்திரத்தைத் தொட்டாலும் அதன் பிரகாசம் போக்சனின் அளவுகோலில்தான் காட்டப்படுகிறது. அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொல்வதாகத் தெரியவில்லை. நுங்கம்பாக்கத்தில் இருந்து ஐந்து சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். 1861ல் கிடைத்த முதலாவதுக்கு ஆசியா என்றே பேர் வைத்தார், ஆசியாவில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது.

ஆனால் ஆய்வகம் ஒன்றும் ராஜபோகமாக இல்லை. ஆட்கள் குறைவு. உதவிக்கு இன்னொரு ஐரோப்பியரைத் தாருங்கள் என்று போக்சன் கேட்டுக்கொண்டே இருந்தார், அரசாங்கம் கேட்காத மாதிரியே இருந்தது. முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதமும் மேற்கத்திய வானியலும் இரண்டும் கைவந்த மனுஷர். 1867ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். அந்த 1872ல்தான் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார், அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர். பிறகு 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அது என்ன, எப்படி என்று நம்ம ஆட்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் போட்டார், தமிழிலும் வந்தது. தமிழில் அறிவியல் எழுத்தின் முன்னோடிகளைப் பட்டியலிடும்போது இவர் பேர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற குறை.

போக்சனின் மகள் ஐசிஸுக்கு அப்போது இருபது வயசு. அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கும் அதே பேர்தான். அடுத்த வருஷம், 1873ல், மாசம் 150 ரூபாய் சம்பளத்தில் அதே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து 25 வருஷம் உழைத்தார். 1886ல் ராயல் வானியல் கழகத்துக்கு அவர் பேரை அப்பா முன்மொழிந்தார், பெண்களைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. கடைசியில் சேர்த்துக்கொண்டது 1920ல்.

சரி, தந்திக்கு வருவோம்.

தீட்டா சென்டாரி டிசம்பர் ஆரம்பத்தில் மதராஸில் விடிகாலை நாலு மணி வாக்கில்தான் எழும். சூரிய உதயம் ஆறேகாலை ஒட்டி. அதற்கு ரொம்ப முன்னாலேயே வானம் வெளுக்க ஆரம்பித்துவிடும். ஆக ஒரு நாளைக்குக் கிடைப்பதே ஒன்றரை மணி நேரம், அதுவும் கிழக்கு அடிவானத்துக்குப் பக்கத்தில். மழைக்காலத்தில் மதராஸின் கிழக்கு என்றால் என்ன? வங்காள விரிகுடா. மேகம் பிறக்கிற வீடு. தேட வேண்டிய திசையே அதுதான்.

டிசம்பர் 1, விடிகாலை. நாலு மணியில் இருந்து சூரியன் வரும்வரை போக்சன் காத்திருந்தார். மேகம், மழை. டிசம்பர் 2. மறுபடி மேகம், மழை. அவர் எழுதிய கடிதத்தில் இந்த இரண்டு இரவுகளும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. படிக்கிற நமக்கு ஒரு வரி. அங்கே நின்றவருக்கு? தந்தி சொன்ன பொருள் நொடிக்கு நொடி விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, நாளைக்கு இன்னும் மங்கலாக இருக்கும், நாளன்றைக்கு இருக்குமா என்றே தெரியாது.

2024 அக்டோபரில் இதைக் கொஞ்சம் நானும் அனுபவித்தேன். சுசின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி மேற்கில், சூரியன் மறைந்த பிறகு, வெறும் கண்ணுக்கே தெரியும் என்று எல்லாரும் சொன்ன வாரம். சரியாக அந்த வாரம்தான் சென்னைக்கு ரெட் அலர்ட். ஜனங்கள் வெள்ளத்துக்குப் பயந்து காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள், நான் பைனாகுலரோடு மொட்டை மாடியில். "மேல என்ன இருக்குன்னு தினம் ஏறுற? துணி காயப்போடக்கூட முடியல"ன்னு அம்மா. ஆறு நாள் ஏறினேன். ஒருநாள் மேற்கில் ஒரு கிழிசல் விழுந்தது, அதில் வெள்ளி தெரிந்தது, கையை எடுத்து பைனாகுலரைத் தூக்குவதற்குள் மூடிக்கொண்டது. 17ஆம் தேதி பௌர்ணமி வேறு, மேகம் விலகினாலும் நிலா விடாது. அதற்குள் லடாக்கில் இருந்து அருமையான படங்கள் போனுக்கு வந்துவிட்டன. நான் பார்க்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, உலகமே அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. போக்சன் விஷயம் அப்படியில்லை. அந்தத் தந்தியின்படி தேடிக்கொண்டிருந்த கண் உலகத்திலேயே அவருடையது ஒன்றுதான்.

டிசம்பர் 3, மூன்றாவது விடியல். (அவருடைய குறிப்பில் டிசம்பர் 2 என்றுதான் இருக்கும். அந்தக் கால வானியலாளர்களுக்கு நாள் என்பது நண்பகலில் தொடங்குவது, ராத்திரி நடுவில் தேதி மாறி வேலை கெடக்கூடாது என்று. அவர் எழுதிய பதினேழரை மணி என்பது நமக்கு மறுநாள் காலை ஐந்தரை.) ஐந்தரை மணி வாக்கில் மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரத்துக்கு ஒரு நீலத்துண்டு திறந்தது. அந்த இடைவெளியில் அது இருந்தது.

வட்டமாக, பிரகாசமாக, நடுவில் தெளிவான கரு. வால் இல்லை. விட்டம் 45 விகலை, அதாவது வியாழன் நல்ல பெரிதாகத் தெரியும் நாட்களில் இருக்கும் அளவு. வானம் நன்றாக வெளுத்துவிட்டிருந்தது. அந்த அவசரத்திலும் போக்சன் செய்த காரியம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அளந்தார்.

வால்வெள்ளியின் இடத்தைக் குறிக்க, பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். ஒருமுறை அளந்தால் ஒரு ஒப்பீடு. பிழை குறைய, திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். போக்சனுக்கு நாலு ஒப்பீடுதான் கிடைத்தது, அதுவும் எந்தப் பட்டியலிலும் பேர் இல்லாத ஒரு நட்சத்திரத்தோடு. ஆனால் அந்த நாலு நிமிஷத்திலேயே பொருள் இரண்டரை நொடி முன்னே நகர்ந்திருந்தது. நொடி என்பது இங்கே வானத்தின் குறுக்கே அளக்கிற அலகு. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலா நகரும் வேகத்தில் ஏறக்குறைய கால்வாசி. நெபுலா நகராது. நகர்ந்தால் வால்வெள்ளி. தேடிய பொருள் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் விடிகாலை, டிசம்பர் 4, வானம் இன்னும் தாராளம். இன்னொரு பேரில்லாத நட்சத்திரத்தோடு ஏழு ஒப்பீடு. அப்போது மதராஸில் தயாராகிக்கொண்டிருந்த பட்டியலில் உள்ள ஒன்றோடு இரண்டு. டெய்லர் 7734 என்ற நட்சத்திரத்தோடு இரண்டு. இந்த டெய்லர் யாரென்றால் தாமஸ் கிளான்வில் டெய்லர், போக்சனுக்கு முன்னால் இதே நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்தவர். பதினோராயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களை அளந்து மதராஸ் பட்டியல் என்று 1844ல் வெளியிட்டார். ஒரு தலைமுறைக்கு முன்னால் ஒருவர் என்றைக்காவது உதவும் என்று அளந்து வைத்த நட்சத்திரம், அந்தப் பத்து நிமிஷத்தில் உதவியது. அன்றைக்கு வால்வெள்ளி 75 விகலைக்கு வளர்ந்திருந்தது. மங்கலான, ஆனால் சந்தேகமில்லாத வால், நிலாவின் அகலத்தில் கால்வாசி நீளம்.

பியலா இரண்டாக உடைந்தது அவருக்குத் தெரியும் இல்லையா? ஜோடியில் மற்றது எங்கே என்ற கேள்வி அவருக்கும் வந்தது. தேட நேரமில்லை என்று எழுதுகிறார். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். மறுநாள் விடிகாலை மேகமும் மழையும் திரும்ப வந்துவிட்டன. அதற்கப்புறம் அந்தப் பொருளை உலகத்தில் யாரும் பார்க்கவில்லை.

கடிதம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து இதழ்களில் அச்சானபோது முதலில் ஒரே ஆரவாரம். ஒரு எரிகல் மழையைப் பார்த்துவிட்டு, அதன் எதிர்த் திசையைக் கணக்கிட்டு, கண்டம் தாண்டித் தந்தி அடித்து, வால்வெள்ளியைப் பிடித்துவிட்டார்கள்! பத்திரிகைக்காரன் கற்பனை செய்தால்கூட இப்படி வராது. பிறகு கணக்காளர்கள் உட்கார்ந்தார்கள். அங்கே இடித்தது.

ஒரு வால்வெள்ளியின் பாதை என்பது ஆறு எண்கள். எவ்வளவு பெரிய பாதை, எவ்வளவு நீள்வட்டம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எப்போது சூரியனுக்கு அருகில் வருகிறது என்பன போன்றவை. ஒரு இரவில் எடுக்கும் அளவு இரண்டு எண்கள் தரும், வானத்தில் குறுக்கே எங்கே, மேலே கீழே எங்கே என்று. தூரம் தெரியாது. ஆக, ஆறு எண்களுக்கு மூன்று இரவுகள் வேண்டும். பாதை பரவளையம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து எண்கள் போதும், அப்போதும் இரண்டு இரவு பத்தாது. போக்சனிடம் இருந்தது இரண்டு இரவு.

இதில் ஒரு குரூரமான பொருத்தம் இருக்கிறது. மூன்று அவதானிப்புகளை வைத்துப் பாதையைக் கண்டுபிடிக்கிற வழியை உலகத்துக்குக் கொடுத்தவர் காஸ். 1801ல் பியாட்ஸி கண்டுபிடித்துக் கொஞ்ச நாளிலேயே தொலைத்த சீரிஸை, 24 வயசு காஸ் காகிதத்தில் கணக்குப் போட்டே திரும்பப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் காஸ்தான் 1807ல் இருந்து சாகும்வரை கோட்டிங்கன் ஆய்வகத்தின் தலைவர். க்ளின்கர்ஃபூஸ் அவரிடம் உதவியாளராக இருந்தவர். அதுமட்டுமில்லை, முந்தின வருஷம்தான், 1871ல், இந்தப் பாதைக் கணக்குகளைப் பற்றி ஒரு பாடப்புத்தகமே வெளியிட்டிருந்தார். மூன்றாவது இரவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே அதிகம் தெரிந்த இடத்தில் இருந்துதான் அந்தத் தந்தி வந்தது.

பாதை தெரியாவிட்டாலும் ஒன்றைச் சோதிக்க முடியும். இது பியலாவா? பியலாவின் பழைய பாதை தெரிந்ததே. அதன்படி வால்வெள்ளியின் உடல் பூமி கடக்கிற அந்த இடத்தை வாரக்கணக்கில் முன்னாலேயே தாண்டிப் போயிருக்க வேண்டும். நவம்பர் 27 எரிந்து விழுந்தது அதற்குப் பின்னால் இழுபட்டு வந்த குப்பை. போக்சன் பார்த்த இடமும் நகர்வும் பியலாவோடு ஒத்துப்போகவில்லை. உடைந்த இன்னொரு துண்டு என்று சிலர் சொன்னார்கள். சம்பந்தமே இல்லாத வேறொரு வால்வெள்ளி, தற்செயலாக அங்கே இருந்தது என்று சிலர். வருஷத்துக்கு நாலைந்து வால்வெள்ளி கண்டுபிடித்தாலே அதிகம் என்றிருந்த காலத்தில், சுட்டிக்காட்டிய இடத்தில், சுட்டிக்காட்டிய வாரத்தில் இன்னொன்று இருந்தது என்பதை முழுங்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்கள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

போக்சன் இதில் ஏமாந்துவிட்டார் என்கிற மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. "நகர்கிறது, ஆகவே இதுதான் அது" என்று சொன்னது தாவல்தான். நகர்கிற எல்லாம் பியலா ஆகிவிடாது, வால்வெள்ளி என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. தந்தியில் ஒரு பேர் வந்துவிட்டதால், கண்ணில் பட்டதற்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் எழுதி வைத்த அளவுகளில் பியலா என்ற அனுமானம் எங்கேயும் கலக்கவில்லை. எத்தனை ஒப்பீடு, எந்த நட்சத்திரம், எவ்வளவு வெளிச்சம், எதைச் செய்ய நேரமில்லை என்று தனித்தனியாக இருக்கிறது. அதனால்தான் பேரை எடுத்துவிட்டாலும் குறிப்பு நிற்கிறது. அந்தக் காலத்து வால்வெள்ளிப் பதிவுகளில் கால்வாசி இப்படி இருந்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு எவ்வளவோ வேலை மிச்சம்.

அந்த விடிகாலைகளில் யார் கூட இருந்தார்கள் என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. கடிதத்தில் வருவது "நான்" மட்டும்தான். கடிகாரம் பார்த்துச் சொன்னவர் யார், விளக்குப் பிடித்தவர் யார், மழை நின்றதும் மேல்மூடியைத் திறந்தவர் யார்? ரகுநாதாச்சாரியா? பேர் தெரியாத ஏதோ ஒரு நுங்கம்பாக்கத்து ஆளா? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வகக் குறிப்புகளில் இந்த "நான்" ரொம்பப் பெரிய சொல். பல பேர் அதற்குள் ஒடுங்கி நிற்பார்கள்.

மதராஸ் மேகம் வானியலாளர்களை ஏமாற்றுவது போக்சனோடு தொடங்கியதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால், கொஞ்சம் தெற்கே, புதுச்சேரியில் லெ ஜான்தி என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். 1761ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் நடுக்கடலிலேயே மாட்டிக்கொண்டவர். அடுத்தது எட்டு வருஷம் கழித்து என்பதால் ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். காத்திருந்த காலத்தில் புதுச்சேரித் தமிழர்களிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். 1769 ஜூனில், அந்தக் காலை மட்டும் மேகம் சூரியனை மூடியது. கடப்பு முடிந்ததும் வெயில் அடித்தது. ஊருக்குத் திரும்பினால் அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டிச் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். லெ ஜான்தி கதையை எல்லாரும் சொல்கிறார்கள், நாடகம்கூட வந்திருக்கிறது. இரண்டு இரவு பார்த்து மூன்றாவது இரவை இழந்தவரின் கதையில் அந்த அளவுக்குச் சோகநாடகம் இல்லை போலிருக்கிறது.

போக்சன் 1891ல் இறந்தார். அடுத்து வந்த மிச்சி ஸ்மித் காலத்தில் வானியல் மலை ஏறியது. 1899ல் மதராஸ் ஆய்வகத்தின் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனது. நுங்கம்பாக்கத்தில் மிஞ்சியது வானிலை. 1796 முதலே அங்கே வானிலைக் குறிப்பு எடுக்கும் பழக்கம் இருந்தது. ஐசிஸ் போக்சனும் 1881ல் இருந்து மதராஸ் அரசின் வானிலைப் பொறுப்பில் இருந்தவர்தான். இன்றைக்கு அந்த வளாகம் மண்டல வானிலை ஆய்வு மையம். "தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்று டிவியில் சொல்கிறார்களே, அது வருகிற இடம். ஆய்வகத்தின் பழைய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. பத்து டன் எடை, 1792 என்ற வருஷத்தோடு தமிழ், தெலுங்கு உள்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டப்பட்டது. ஒரு காலத்தில் தொலைநோக்கி அசையாமல் இருக்க நட்டு வைத்தது.

பியலாவின் கற்கள் 1885 நவம்பர் 27 அன்று மறுபடி ஒருமுறை கொட்டின, 1872ஐவிட அதிகமாக. பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்துபோயின. பியலா திரும்ப வரவேயில்லை. போக்சனின் வால்வெள்ளிக்கு இன்று உள்ள பேர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முன்னால் இருக்கும் எக்ஸ், பாதை கணிக்க முடியாதது என்று அர்த்தம். பின்னால் இருக்கும் எக்ஸ் டிசம்பர் முதல் பாதியைக் குறிக்கும் எழுத்து, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் போனது, எதுவும் தெரியாது. இரண்டு விடிகாலைகளில் அது எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியும், ஒரு நாள் பேரில்லாத ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், மறுநாள் டெய்லர் 7734க்குப் பக்கத்தில்.